இடைவெளியை அடைக்கும் பணம்: நெருக்கடியில் இருப்பவருக்குச் சிங்கப்பூரில் ஓர் அறக்கட்டளை எப்படிக் கைகொடுக்கிறது

அந்த மின்கட்டண பில் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. பல நாள் கைப்பையில் கிடந்ததால் மடிப்பு வழியே கிழிந்து, யாரோ அதை ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தார்கள். நிலுவை 450 சிங்கப்பூர் வெள்ளி. ஈரறை வாடகை வீட்டில் ஒரு தாய், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவர் இறந்து ஏழு மாதம். குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் அந்த பில்லை விண்ணப்பத்தோடு சேர்த்து எங்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

சிறிய அறக்கட்டளை ஒன்றின் உதவிக் குழுவில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தொண்டூழியராக இருக்கிறேன். நம் சமூகத்தில் கொடுக்கும் மனத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் கொடுத்த பணம் உரியவரின் வீட்டு வாசலை எப்படி அடைகிறது, யார் முடிவு செய்கிறார்கள், ஏன் சிலருக்குக் கிடைத்துச் சிலருக்குக் கிடைப்பதில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஒரு நிதியைத் தொடங்க நினைப்பவர், நன்கொடை கொடுப்பவர், உதவி தேவைப்படுபவர் என மூவருக்கும் பயன்படும் வகையில் அந்தப் பாதையைப் படிப்படியாக எழுதுகிறேன். மேலே சொன்ன குடும்பத்தை இடையிடையே திரும்பச் சந்திப்போம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் படி: பணத்துக்கு முன் நோக்கம்

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமுமான கூடங்களில், தொழில் நடத்திய நகரத்தார், வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிவைத்தார்கள். 1859இல் எழுந்த தேங் சாலை தண்டாயுதபாணி கோயில் அப்படிப்பட்ட மரபில் வந்ததுதான். மகமையில் ஒரு நுட்பம் உண்டு. மனம் இளகும்போது கொடுப்பது அல்ல அது. கணக்கு எழுதும்போதே எடுத்துவைப்பது. அறக்கட்டளை என்ற சொல்லிலேயே ‘கட்டளை’ இருக்கிறது. இன்ன பணம் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று கொடுத்தவர் இட்ட கட்டளை. பின்னால் வருபவர்கள் அதைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

சிங்கப்பூர்ச் சட்டமும் இதைத்தான் வேறு சொற்களில் கேட்கிறது. வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்குப் பயன்தரும் பிற நோக்கங்கள் ஆகிய நான்கு தலைப்புகளை இங்கிலாந்தின் பழைய சட்டமரபிலிருந்து நாம் பெற்றோம். உங்கள் நிதி இவற்றுள் அடங்க வேண்டும். பயன் பொதுமக்களில் ஒரு பகுதியினரையாவது சேர வேண்டும். சொந்தக்காரர்களுக்கு மட்டும் உதவும் குடும்ப நிதி எவ்வளவு நல்லதானாலும் சட்டத்தின் பார்வையில் அது அறநிறுவனம் அல்ல.

அமைப்பு வடிவம் மூன்று: சங்கம், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனம் (பங்குகள் இல்லாமல், உறுப்பினரின் பொறுப்பு அவர் உறுதியளித்த தொகையோடு நிற்கும் நிறுவனம்), அறக்கட்டளைப் பத்திரத்தின்கீழ் இயங்கும் அறக்கட்டளை. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின்கீழ் இயங்கும் அறநிறுவன ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும். அமைத்த 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகத்தில் குறைந்தது 3 பேர் வேண்டும். அவர்களில் 2 பேராவது சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.

பத்திரம் எழுதும்போது நான் பார்த்த தவறுகள் இரண்டு வகை. ‘ஏழைகளுக்கு உதவுதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து அறங்காவலர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். மாறாக, ‘பள்ளிச் சீருடை வாங்க’ என்று மிகக் குறுக்கினால், காலம் மாறும்போது பணம் பூட்டிய பெட்டியில் கிடக்கும். நெருக்கடியில் உள்ள குடும்பங்களின் அடிப்படைச் செலவு, மருத்துவம், கல்வி, இறுதிச் சடங்கு என்று நோக்கத்தை விரித்து எழுதுங்கள். தொகை, வரம்பு, தகுதி ஆகியவற்றைப் பத்திரத்தில் வைக்காமல் தனி விதிமுறையில் வையுங்கள். அதை ஆண்டுதோறும் திருத்தலாம். பத்திரத்தைத் திருத்துவது பெரிய பாடு.

இரண்டாம் படி: பணம் வரும் வழிகள்

மூன்று ஓடைகள். ஒன்று, முதல்தொகையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வருவாயை மட்டும் செலவிடுவது. இதற்கு நாட்டில் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு மெடிஃபண்ட். 1993இல் அரசாங்கம் 20 கோடி வெள்ளி முதலிட்டு அதைத் தொடங்கியது. மருத்துவக் கட்டணம் கட்ட இயலாத சிங்கப்பூரர்களுக்கு அந்த முதலின் வருவாயிலிருந்து உதவி போகிறது. மரத்தை வெட்டாமல் பழத்தை மட்டும் பறிப்பது போன்றது இது.

சிறிய நிதிக்கு இது எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லட்சம் வெள்ளி முதல்தொகை, ஆண்டு வருவாய் 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 20,000 வெள்ளி. விலைவாசி ஏறுவதால் முதலின் மதிப்பு தேயாமலிருக்க 5,000 வெள்ளியைத் திரும்ப முதலோடு சேர்க்கிறீர்கள். மிச்சம் 15,000. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 30 குடும்பங்கள். தணிக்கைச் செலவு வேறு. ஐந்து லட்சம் என்பது கேட்கும்போது பெரிய தொகையாக இருக்கிறது. முப்பதே குடும்பம் என்றதும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டாம். அந்த முப்பது, அடுத்த ஆண்டும் முப்பது, அதற்கடுத்த ஆண்டும் முப்பது.

இரண்டாவது ஓடை, சிறுதுளியாகத் தொடர்ந்து வருவது. 1991இல் அமைந்த சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இதற்குச் சான்று. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து, வருமானத்துக்கு ஏற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை, மத்திய சேம நிதிச் சந்தா செல்லும் அதே வழியாக சிண்டா நிதிக்குச் செல்கிறது. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். ஆயிரம் வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர் மாதம் 1 வெள்ளி தருகிறார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் கொடுக்கிறவர், நாளை அவரே பெறுகிறவராகவும் ஆகலாம். அந்த நினைப்பு குழுவில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நன்கொடை. இங்கே ஐபிசி, அதாவது பொதுநல நிறுவனம் (Institution of a Public Character) என்ற தகுதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா அறநிறுவனத்துக்கும் இந்தத் தகுதி கிடையாது. தகுதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடையில் 250 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1,000 வெள்ளி கொடுத்தால், வரிக்குரிய வருமானம் 2,500 வெள்ளி குறைகிறது. உங்கள் வருமானத்தின் கடைசிப் பகுதிக்கு வரி விகிதம் 7 விழுக்காடு என்றால் 175 வெள்ளி வரி மிச்சம். கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணைத் தந்துவிட்டால் கழிவு தானாகவே வரிக்கணக்கில் ஏறிவிடும். ரசீதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐபிசி தகுதிக்கு ஒரு நிபந்தனை நம் ஊர்ச் சங்கங்களை நேராகத் தொடும். பயன் இனம், சமயம் என்ற எல்லைக்குள் அடங்காமல் சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் சேர வேண்டும். அமைச்சரின் அனுமதி இருந்தால்தான் விலக்கு. நம் மக்களுக்கு மட்டும் என்று பத்திரம் எழுதிவிட்டுப் பிறகு வரிக் கழிவு கேட்டால் கிடைக்காது. இதை முதல் நாளே பேசி முடிவெடுங்கள்.

தனி அமைப்பு தொடங்கும் அளவுக்கு ஆள்பலம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2008இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சமூக அறநிறுவனத்தில் 2 லட்சம் வெள்ளியிலிருந்து, பெற்றோர் பெயரிலோ குடும்பப் பெயரிலோ ஒரு நிதியை வைக்கலாம். கணக்கு, தணிக்கை, சட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பணம் எந்தக் காரியத்துக்குப் போக வேண்டும் என்று நீங்கள் ஆலோசனை சொல்லலாம். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுவே பொருத்தம் என்று சொல்லியிருக்கிறேன். புதிதாக ஒரு பெயர்ப்பலகை தேவையில்லை.

மூன்றாம் படி: இடைவெளியைக் கண்டுபிடிப்பது

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

சிங்கப்பூரில் அரசாங்க உதவித் திட்டங்கள் பல. 2005இல் தொடங்கிய கம்கேர் நிதியின்கீழ் குறுகிய கால உதவியும் நீண்டகால உதவியும் உண்டு. சமூக சேவை அலுவலகங்களில் விண்ணப்பிக்கலாம். பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடைக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம். பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையங்களின் கட்டணத்துக்குத் தனி உதவி. மருத்துவமனைக்கு மெடிஃபண்ட். இத்தனை இருக்கும்போது சிறிய அறக்கட்டளைக்கு என்ன வேலை?

வேலை இடைவெளியில் இருக்கிறது. விண்ணப்பித்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி. வருமான வரம்பைச் சற்றே தாண்டிவிட்டவருக்கு ஓர் இடைவெளி. குடியுரிமை இல்லாத மனைவிக்கு, ஒப்பந்த ஊழியருக்கு ஓர் இடைவெளி. எந்தத் திட்டத்தின் தலைப்பிலும் அடங்காத செலவுக்கு, பல் கட்டுவதற்கோ பழுதான குளிர்பதனப் பெட்டிக்கோ, ஓர் இடைவெளி. அரசாங்கம் தரும் இடத்தில் நாமும் கொண்டுபோய்க் கொட்டினால் ஆனைப் பசிக்குச் சோளப்பொரிதான். இடைவெளியில் போட்டால் அதே சோளப்பொரி ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு.

தகுதியை அளக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் அளவு, தலைக்கு எவ்வளவு வருமானம் என்பது. குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை வீட்டிலிருப்போரின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம் தாய் ஓர் உணவுக்கடையில் பகுதிநேரமாக வேலை செய்து மாதம் 1,100 வெள்ளி பெறுகிறார். நான்கு பேர். தலைக்கு 275 வெள்ளி. எந்த அறக்கட்டளையின் வரம்புக்குள்ளும் இது வரும்.

ஆனால் அந்த எண், ‘உதவலாம்’ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு, எதற்கு என்று சொல்லாது. அதற்குச் செலவுப் பட்டியலை எடுத்து உட்கார வேண்டும். அவருடைய பட்டியல் இது: வாடகை 165, மின்சாரம் தண்ணீர் 110, சாப்பாடு 600, போக்குவரத்து 120, பிள்ளைகளின் பள்ளிச் செலவு 80, தொலைபேசி 40, மாமியாரின் மருந்து 60. கூட்டினால் 1,175 வெள்ளி. வரவு 1,100. மாதம் 75 வெள்ளி துண்டு விழுகிறது.

75 வெள்ளி. நம்மில் பலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் குடும்பத்தோடு சாப்பிட்டு எழும்போது கொடுக்கும் தொகை. அந்த 75 வெள்ளி, கணவர் இறந்த மறுமாதத்திலிருந்து ஆறு மாதம் சேர்ந்துதான் 450 வெள்ளி பில்லாக மடிந்து கைப்பையில் கிடந்தது. அந்த ஆறு மாதமும் அவர் வாடகையைத் தவறாமல் கட்டினார், மருந்தை நிறுத்தவில்லை. தள்ளிவைக்க முடிந்தது மின்கட்டணம் ஒன்றுதான், அதைத் தள்ளிவைத்தார்.

இங்கேதான் பல குழுக்கள் தவறு செய்கின்றன. நாங்களும் ஆரம்ப ஆண்டுகளில் செய்தோம். 450 வெள்ளியைக் கட்டிவிட்டுக் கோப்பை மூடினோம். ஆறு மாதம் கழித்து அதே குடும்பம், அதே அளவு பில்லோடு வந்தது. பணத்தை வீணாக்கிவிட்டார்கள் என்று ஒருவர் முகம் சுளித்தார். அவர்கள் எதையும் வீணாக்கவில்லை. மாதத் துண்டை நாங்கள் அடைக்கவே இல்லை.

நான்காம் படி: விண்ணப்பமும் ஆவணமும்

சிறிய அறக்கட்டளைகள் பெரும்பாலும் நேரடியாக விண்ணப்பம் வாங்குவதைவிடச் சமூக ஊழியர் வழியே வாங்குவது நல்லது. குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர், மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர், பள்ளி ஆலோசகர் ஆகியோருக்கு அந்தக் குடும்பத்தின் முழு நிலையும் தெரியும். மற்ற திட்டங்களில் என்ன கிடைத்தது என்பதும் தெரியும். வேறு நான்கு இடங்களில் சொன்ன கதையை ஐந்தாவது இடத்தில் திரும்பவும் சொல்லவைக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய ஆவணங்கள்: அடையாள அட்டை விவரம், மத்திய சேம நிதிச் சந்தா பதிவு, சம்பளச் சீட்டு, நிலுவையில் உள்ள பில், வங்கிக் கணக்கு அறிக்கை, சமூக ஊழியரின் அறிக்கை. சந்தா பதிவை, அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம்.

கேட்கக்கூடாதவையும் உண்டு. இறந்தவரின் நோய்க் குறிப்பு எதற்கு? மணமுறிவுக் காரணம் எதற்கு? வீட்டுக்குள் தொலைக்காட்சி எத்தனை அங்குலம் என்று பார்த்து எழுதிய அறிக்கை ஒன்றை நான் படித்திருக்கிறேன். அது கணவர் வேலையில் இருந்தபோது வாங்கியது. நேற்றுவரை நன்றாக இருந்த வீடுதான் இன்று நெருக்கடியில் விழுகிறது. பொருள்கள் நேற்றையவை, வறுமை இன்றையது. முடிவெடுக்க உதவாத தகவலை வாங்கவே வேண்டாம். வாங்கியதைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி பூட்டிவைக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே.

நம் சமூகத்தில் மானம் பெரிய சொல். அதிலும் கணவனை இழந்த பெண்கள், வேலை போன நடுவயது ஆண்கள் கடைசி நிமிடம்வரை வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் வரும்போது வழக்கமாக மூன்று நான்கு மாத நிலுவையோடுதான் வருவார்கள். ‘ஏன் முன்பே வரவில்லை?’ என்ற கேள்வியைக் குழுவில் யாரும் கேட்கக்கூடாது என்று எங்களிடம் எழுதாத விதி ஒன்று உண்டு.

ஐந்தாம் படி: முடிவெடுப்பது

வேகம் இங்கே தனி அறம். மாதம் ஒருமுறை கூடும் குழுவை மட்டும் நம்பினால், கூட்டம் முடிந்த மறுநாள் வரும் விண்ணப்பம் ஒரு மாதம் காத்திருக்கும். எங்கள் ஏற்பாடு இது: 300 வெள்ளிக்குள் என்றால் இரண்டு உறுப்பினர்கள் மின்னஞ்சலில் ஒப்புதல் தந்து இரண்டு வேலை நாளில் கொடுத்துவிடலாம், அடுத்த கூட்டத்தில் அறிவித்தால் போதும். அதற்கு மேல் என்றால் முழுக் குழு. மளிகைக்குப் பணமில்லை என்ற விண்ணப்பத்துக்கு அறிக்கை முழுமையாக வரும்வரை காத்திருப்பதில்லை. கடையில் பொருள் வாங்கிக்கொள்ளும் பற்றுச்சீட்டு (வவுச்சர்) முதலில் போய்விடும்.

உறவினரோ அறிந்தவரோ விண்ணப்பித்தால் அந்த உறுப்பினர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். நம் சமூகம் சிறியது. தேக்காவில் இரண்டு தெரு நடந்தால் தெரிந்தவர் எதிரே வருவார். ஆகவே இது அடிக்கடி நடக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டால் போதும்.

அந்தத் தாய்க்கு நாங்கள் எடுத்த முடிவு: நிலுவை 450 வெள்ளி முழுவதும், அதோடு ஆறு மாதத்துக்கு மாதம் 75 வெள்ளி. மொத்தம் 900. அந்த ஆறு மாதத்துக்குள் சமூக ஊழியர் கம்கேர் விண்ணப்பத்தை முடிப்பார். சின்னவளுக்கு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடமும் கட்டண உதவியும் கேட்பார். இடம் கிடைத்தால் தாய் முழுநேர வேலைக்குப் போகலாம். துண்டு நிரந்தரமாக அடைபடும் வழி அதுதான். எங்கள் 900 வெள்ளி அந்த வழிக்குப் போய்ச் சேரும்வரையான படகுக்கூலி.

கடனை அடைக்கப் பணம் கேட்டால் என்ன செய்வது? இது கடினமான இடம். கடன் கொடுத்தவருக்குப் பொதுவாக நாங்கள் கொடுப்பதில்லை. உரிமம் பெற்றவர்களே மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம் எனும்போது, சிறிய நிதியால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் கடன் ஆலோசனைச் சேவைக்கு அவரை அனுப்பிவிட்டு, வீட்டின் சாப்பாட்டுச் செலவை இரண்டு மாதம் ஏற்றுக்கொள்வோம். அவர் சம்பளத்திலிருந்து தவணை கட்ட இடம் கிடைக்கும். உரிமமற்ற கடன்காரரின் மிரட்டல் என்றால் முதலில் காவல்துறை.

ஆறாம் படி: பணம் போய்ச் சேரும் விதம்

நிலுவை பில் என்றால் நேராக மின்வழங்கல் நிறுவனத்துக்கோ நகர மன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ கட்டிவிடலாம். கணக்குக்குச் சுத்தம், பெறுபவருக்கும் ஒரு நடை மிச்சம். அன்றாடச் செலவுக்கு வங்கிக் கணக்கில் போடுங்கள். எல்லாவற்றையும் பற்றுச்சீட்டாகவே கொடுப்பது நம்பாமையைக் காட்டும். பிள்ளையின் பஸ் கட்டணத்தையோ கோயிலில் ஓர் அர்ச்சனையையோ பற்றுச்சீட்டால் கொடுக்க முடியாது.

மேடையேற்றிப் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கல்விப் பரிசென்றால் மேடை சரி, அது பெருமை. நெருக்கடி உதவிக்கு மேடை கூடாது. படம் இல்லாவிட்டால் நன்கொடையாளர் நம்ப மாட்டார்கள் என்பார்கள். நம்பிக்கைக்குத் தணிக்கை செய்த கணக்கு போதும்.

யாருடைய பட்டியலிலும் இல்லாதவர்கள்

மேலே சொன்ன அரசாங்கத் திட்டங்கள் பெரும்பாலும் சிங்கப்பூரர்களுக்கும், சிலவற்றில் அவர்களின் குடும்பத்தினருக்கும் உரியவை. கட்டடத் தளத்தில் கால் முறிந்த புதுக்கோட்டை ஊழியருக்கு அவை பொருந்தாது. வேலைக்காயத்துக்கு இழப்பீடு கோரச் சட்டப்படி அவருக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் முதலாளியோடு தகராறு ஏற்பட்டு, வேலை அனுமதி முடிந்து, சிறப்பு அனுமதிச் சீட்டில் இங்கே தங்கி, முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பொதுவாக அவர் வேலை செய்ய முடியாது. ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இதைவிட அப்பட்டமான இடைவெளியை நான் கண்டதில்லை.

இதற்கென்றே இயங்கும் அமைப்புகள் இருக்கின்றன. டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ அமைப்பு 2008இலிருந்து லிட்டில் இந்தியாவில் இத்தகைய ஊழியர்களுக்கு இலவச உணவு தருகிறது. 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் மருத்துவமும் மனநல ஆதரவும் தருகிறது. 2009இலிருந்து இயங்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடம் சம்பளத் தகராறு, தங்குமிடம் பற்றி முறையிடலாம். சிறிய அறக்கட்டளை இங்கே தனியாகக் கடை விரிக்காமல், இவர்கள் அனுப்பும் ஊழியர்களுக்குப் போக்குவரத்து, தொலைபேசி, ஊருக்கு அனுப்ப ஒரு சிறு தொகை என்று இடைவெளிகளை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் தெரிந்த தொண்டூழியர் ஒருவர் கூடப் போய் மருத்துவர் சொல்வதை மொழிபெயர்த்தால், அது பணத்தைவிடப் பெரிது. ஊன்றுகோலோடு வந்த இளைஞர் ஒருவர் என்னிடம் முதலில் கேட்டது பணம் அல்ல. ‘அண்ணே, இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்’ என்றார். கடிதம் மூன்று வாரம் பழையது. அவருக்கு நேரம் குறித்திருந்த மருத்துவப் பரிசோதனை நாள் கடந்துபோயிருந்தது. மறுநாள் காலை நாங்கள் செய்த முதல் வேலை, மருத்துவமனையை அழைத்துப் புதிய நாள் வாங்கியதுதான்.

உங்கள் பத்திரத்தில் ‘சிங்கப்பூரில் வசிப்போர்’ என்று எழுதினால் இவர்களுக்கும் வழி திறக்கும். ‘சிங்கப்பூரர்’ என்று எழுதினால் மூடிவிடும். ஒரு சொல்தான் வேறுபாடு.

ஏழாம் படி: கணக்கு

2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தில் நடந்ததைச் சிங்கப்பூரில் யாரும் மறக்கவில்லை. தலைமை நிர்வாகிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் வெள்ளி சம்பளம், 26 கோடி வெள்ளிக்கு மேல் கையிருப்பு என்ற உண்மைகள் நீதிமன்றத்தில் வெளிவந்ததும் ஆயிரக்கணக்கானோர் மாத நன்கொடையை நிறுத்தினார்கள். நிர்வாகம் மாறிய பிறகு அந்த நிறுவனம் மீண்டு வந்தது. ஆனால் அந்த நாள்களில் அதனோடு தொடர்பே இல்லாத சிறிய அமைப்புகளின் உண்டியலும் இளைத்தது. 2007இல் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது.

அதிலிருந்தும் சட்டத்திலிருந்தும் சிறிய அறக்கட்டளை மனத்தில் வைக்க வேண்டியவை சில. ஆண்டறிக்கையும் கணக்கும் நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். கணக்கேடுகளை 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும். பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது. நல்லவராயிற்றே என்று நீட்டிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம், அதை விட வேண்டும். ஐபிசி தகுதி பெற்றிருந்தால், நிதிதிரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. விருந்து மண்டபமும் பாட்டுக் கச்சேரியும் ஏற்பாடு செய்யும்போது இந்த எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள்.

இன்ன காரியத்துக்கு என்று வந்த பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். கல்விக்கென்று கொடுத்ததை எடுத்து இறுதிச் சடங்குச் செலவுக்குக் கொடுத்தால் மனம் நல்லதுதான், செயல் தவறு. நிபந்தனையற்ற பொதுநிதி ஒன்று எப்போதும் கையில் இருந்தால் இந்தச் சங்கடம் வராது. நன்கொடையாளர்களே, முடிந்தால் உங்கள் பணத்தை நிபந்தனையின்றிக் கொடுங்கள்.

நீங்களே நெருக்கடியில் இருந்தால்

அறக்கட்டளைகளின் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். 1800-222-0000 என்ற கம்கேர் எண்ணை அழையுங்கள், அல்லது உங்கள் வட்டாரத்தின் சமூக சேவை அலுவலகத்துக்கோ குடும்பச் சேவை நிலையத்துக்கோ போங்கள். சிண்டாவின் குடும்பச் சேவைப் பிரிவில் தமிழில் பேசலாம். எங்களைப் போன்ற சிறிய நிதிகளின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் சமூக ஊழியருக்குத் தெரியும்.

போகும்போது பில்களையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கௌரவத்துக்காகப் பலர் சாப்பாட்டுச் செலவைப் பாதியாக எழுதுகிறார்கள். அப்போது துண்டே விழாததுபோல் கணக்கு காட்டும், உதவி கிடைக்காது. மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள். ஆவணம் குறைந்திருக்கலாம், வரம்பு தாண்டியிருக்கலாம், அந்த நிதியின் நோக்கத்துக்குள் வராமல் இருக்கலாம். முதல் காரணம் என்றால் திரும்ப விண்ணப்பிக்கலாம். மற்ற இரண்டும் என்றால் வேறு நிதி இருக்கிறதா என்று சமூக ஊழியரிடம் கேளுங்கள். நிலை மாறினால், வேலை போனால், இன்னொரு பிள்ளை பிறந்தால், பழைய மறுப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது.

அந்தத் தாயின் கோப்பு எங்களிடம் எட்டு மாதம் திறந்திருந்தது. ஆறு மாதம் என்று நினைத்ததுதான். சின்னவளுக்கு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்கத் தாமதமாகியதால் இரண்டு மாதம் நீட்டித்தோம். கோப்பின் கடைசிப் பக்கத்தில் சமூக ஊழியர் எழுதியிருந்தது இரண்டே வரி: முழுநேர வேலையில் சேர்ந்துவிட்டார். இந்த மாத மின்கட்டணத்தை அவரே கட்டினார்.